கத்திரி வெயிலில் ஈரம் அளந்த கதை

என் முகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதிக்கு அதுதான் காரணம். நான் சும்மா உட்கார்ந்திருந்தாலே கோபமாக இருப்பது போலத் தெரியும். புருவம் இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். "உன் மூஞ்சிய பாத்தா காச்சின பாலு கூட திரிஞ்சிடும்" என்பாள் அம்மா. நிஜமாகக் கோபம் வந்தாலும் அதே முகம்தான் என்பதால், எப்போது ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நிஜக் கோபமும் எனக்கு மூக்கின் மேலேயே இருக்கும். அதையும் மறைக்கப்போவதில்லை.

நான் ஆர்க்கிடெக்ட். படிப்பு முடிந்து சென்னையில் ஓர் ஆபீசில் இரண்டு வருடம் அடுக்குமாடிகளுக்குக் கழிப்பறை வரைந்தேன். மூன்றாவது வருடமும் கழிப்பறைதான் என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அறை எடுத்தேன். காம்பவுண்டு சுவர், மாடிப்படி, ஒரு மருந்துக் கடையின் முகப்பு என்று வந்ததை எல்லாம் செய்தேன். அப்புறம்தான் அந்தப் பெண்கள் வந்தார்கள். பன்னிரண்டு பேர், எல்லாரும் பட்டு நெய்கிறவர்கள், சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஊரின் மேற்கு ஓரத்தில், ஏரிக்கரைக்குக் கொஞ்சம் இப்பால், அவர்களுக்கு ஒரு மனை இருந்தது. அதில் பன்னிரண்டு தறிக்கு ஒரு ஷெட் வேண்டும் என்றார்கள்.

குழுவுக்குத் தலைவியாக இருந்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருக்குத்தான் அவசரம் அதிகம். வீடு பாகம் பிரிந்து, தறி இருந்த அறை கொழுந்தனார் பங்குக்குப் போய்விட்டது. தை பிறப்பதற்குள் தறியைத் தூக்கிவிட வேண்டும். தூக்கி எங்கே வைப்பது? குழித்தறிக்குத் தரையில் இடுப்பளவு பள்ளம் வேண்டும். நெய்கிறவர் பள்ளத்தில் காலை விட்டுக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து நெய்வார். வாடகை வீட்டில் எந்த வீட்டுக்காரர் தரையைத் தோண்ட விடுவார்? ஷெட் சரியாக வரவில்லை என்றால் அக்காவுக்குத் தறி இல்லை. தறி இல்லை என்றால் பெரிய கடையில் புடவை மடித்து வைக்கும் வேலைக்குப் போக வேண்டியதுதான். அதை அவரே என்னிடம் முதல் நாள் சொன்னார்.

"சரியாக" என்று சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. அதே மனையின் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு ஷெட் இருந்தது. தகரக் கூரை, நாலு பக்கமும் பெரிய பெரிய ஜன்னல். யாரோ ஒரு கான்ட்ராக்டர் கட்டிக் கொடுத்தது. முதல் கத்திரியிலேயே உள்ளே இழை நிற்கவில்லை. காய்ந்த காற்றில் பட்டு இழை முறுகி, தொட்டால் பட் பட்டென்று அறுந்திருக்கிறது. ஒரு மாதத்தில் எல்லாரும் தறியைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இப்போது அதில் ஒரு பந்தல்காரரின் நாற்காலியும் அண்டாவும் கிடக்கின்றன. இன்னொரு முறை ஷெட் என்று சொல்லி இவர்களை வீட்டைவிட்டுக் கிளப்பிக்கொண்டு போக முடியாது. ஒரே வாய்ப்பு. அது என் கையில் இருந்தது.

நானும் முதலில் தப்பாகத்தான் ஆரம்பித்தேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி, சென்னை விமான நிலையத்து வானிலைக் கணக்கை இறக்கி, அதை வைத்துப் படம் போட்டேன். இரவு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. கடற்கரையில் நிற்கும் மீட்டருக்குக் காஞ்சிபுரத்து ஏரிக்கரையின் மத்தியான வெயில் எப்படித் தெரியும்? படத்தைக் கிழித்துப் போட்டேன். கத்திரி தொடங்க நாலு நாள் இருந்தது. கத்திரி முடிந்ததும், வைகாசி முடிவதற்குள், கடக்கால் போட நாள் பார்த்திருந்தார்கள். ஆனி, ஆடியில் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். ஆவணிக்குத் தள்ளினால் தைக்குள் கட்டடம் முடியாது. எனவே எனக்கு இருந்தது அந்த ஒரு கத்திரிதான். இருபத்தைந்து நாள் வெயிலை முழுசாக அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று என்னைப் பற்றி அம்மா சொல்வது இதுபோன்ற சமயத்தில்தான்.

சூட்டையும் காற்றின் ஈரத்தையும் காட்டும் சின்ன மீட்டர்கள் மூன்று வாங்கினேன். தீப்பெட்டி இரண்டை அடுக்கினது போல இருக்கும். அரை மணிக்கு ஒரு முறை தானாகவே குறித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அதை போனில் பார்க்கலாம். ஒன்று காலி மனையில், கம்பத்தில், நிழலுக்கு ஓட்டை வாளியைக் கவிழ்த்து அதன் கீழே. ஒன்று பழைய தகர ஷெட்டில். மூன்றாவது அக்காவின் தறி அறையில், தறிக்காலுக்கு மேலே ஓர் ஆணியில். நன்றாக நெசவு நடக்கிற ஓர் அறையில் ஈரம் எவ்வளவு என்று தெரிந்தால், அதையே ஷெட்டில் கொண்டுவந்துவிடலாம் என்பது என் கணக்கு.

தினமும் மூன்று வேளை ஸ்கூட்டரில் போனேன். மனையில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க, அக்கா கொடுத்த கழிவுப் பட்டு நூலைக் குச்சியில் கட்டி நட்டு வைத்தேன். ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. நடுவில் குட்டை மாதிரி கொஞ்சம் தண்ணீர், அதைச் சுற்றி ஆடுகள். பக்கத்து மனைக் கிணற்றில் கயிறு விட்டு நீர் மட்டம் பார்த்தேன். மழைக்காலத்தில் அது எதுவரை ஏறும் என்பது உள்சுவரில் பாசிக்கோடாகவே தெரிந்தது. தறிப் பள்ளத்தில் தண்ணீர் ஊறாமல் இருக்கத் தரையை மூன்று அடி உயர்த்த வேண்டும் என்று அன்றே எழுதினேன். அந்த ஒன்று மட்டும் கடைசிவரை சரியாக இருந்தது.

அக்கா வீட்டு அறைதான் என்னை மயக்கியது. முதல் நாள் மத்தியானம் எண் மட்டமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து ஏறிக்கொண்டே போனது. வெளியே தெருவில் தார் உருகுகிறது, உள்ளே காற்று குளிர்ந்து இதமாக இருக்கிறது. நான் தறிக்குப் பக்கத்தில், மீட்டருக்கு நேர் கீழே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுவேன். அக்கா நெய்துகொண்டே, "டீ சாப்புடறீங்களா மேடம்?" என்பார். தரை சில்லென்று இருக்கும். "தரை குளிர்ச்சி, காரணம் தடித்த சுவர், ஓட்டுக் கூரை" என்று நோட்டில் எழுதிக் கீழே கோடும் போட்டிருக்கிறேன். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எனக்குத் தலைக்கனம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன்.

போனில் வரைபடம் பார்த்தபோது அந்த அறையின் ஈரம் ஒரு நாளில் ஐந்தாறு முறை திடீர் திடீரென்று ஏறி இறங்கியது. அது ஏன் என்று ஒரு முழு இரவு யோசித்தேன். கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன்: ஏரிக்காற்று. குட்டையில் மிச்சமிருக்கும் ஈரத்தை மேற்குக் காற்று அவ்வப்போது அள்ளிக்கொண்டு வருகிறது. காலி மனை ஏரிக்கு இன்னும் பக்கம், அங்கே இருந்த மீட்டரில் அப்படி ஒன்றும் ஏறவில்லையே என்று தோன்றத்தான் செய்தது. அது வெயிலில் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன். ஏரியிலிருந்து ஷெட்டுக்கு வரும் காற்றை அழகாக நீல அம்புக்குறிகளால் வரைந்தேன். அந்தக் காற்றை உள்ளே வாங்க மேற்குச் சுவரில் ஆறு பெரிய ஜன்னல்கள் வைத்தேன்.

பதினான்காம் நாள் மத்தியானம் குறிப்பெடுத்துவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வரை வந்ததும் தலை காய்ந்தது. ஹெல்மெட்டை அக்கா வீட்டில் விட்டுவிட்டேன். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து திரும்பினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அக்கா ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி, ஒரு கையில் சொம்புடன் குனிந்து நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்த அதே இடத்தில். இன்னும் என் சூடு ஆறியிருக்காது அங்கே.

நான் காலனிக்காரி. இதை இங்கே சொல்லாவிட்டால் எனக்கு என்ன ஆனது என்று புரியாது. என் அம்மா சித்தாள். இந்தத் தெருக்களில் எத்தனையோ வீட்டுக்குச் சாந்து சுமந்திருக்கிறாள். ஒரு வீட்டில், வேலை முடிந்து அவள் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில், அவள் எழுந்ததும் வீட்டுக்கார அம்மாள் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியிருக்கிறார். அம்மா வாசலைத் தாண்டக்கூட இல்லை, அதற்குள். அம்மா இதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நான் ஒரு நாளும் சிரித்ததில்லை. காஞ்சிபுரம் சின்ன ஊர். நான் எந்தப் பக்கத்துப் பெண் என்று அக்காவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஹெல்மெட்டை எடுக்கவில்லை. சத்தம் போடாமல் திரும்பி நடந்தேன். வண்டியில் உட்கார்ந்தபோது உடம்பு முழுக்க எரிந்தது. அவமானம் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் அப்போது பெயரெல்லாம் தோன்றவில்லை. மேடம், மேடம் என்று கூப்பிட்டதும் டீ கொடுத்ததும்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

இரண்டு நாள் நான் எங்கேயும் போகவில்லை. மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா, ஸ்கூட்டர் வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் தலைத்துணியை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் தெளிச்சேன்னு கேட்டியா?"

"இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது?"

"அன்னிக்கு நான் கேக்கல. கேக்க வாய் இல்ல எனக்கு. நீயும் கேக்காம வந்து மூலைல குந்திக்கினேன்னா, உன்ன எதுக்குடி படிக்க வச்சேன்?" என்றாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போனேன். அக்கா வீட்டு வாசலில் நின்றேன், உள்ளே நுழையவில்லை. தறி ஓடும் சத்தம் நின்றது. அக்கா எழுந்து வந்து, "எங்க மேடம் ரெண்டு நாளா ஆளையே காணோம். ஹெல்மெட்டு கூட இங்கியே இருக்குது" என்றார்.

"அன்னிக்கு நான் உக்காந்த எடத்துல தண்ணி தெளிச்சீங்களே, அது எதுக்குக்கா?"

அவர் முகம் சட்டென்று மாறியது.

"பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"தப்புதான் மேடம். செஞ்சிருக்கக் கூடாது."

ஒப்புக்கொள்கிறாரே என்று இருந்தது. குரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எத்தினி நாளா?" என்றேன்.

"நீங்க அந்தப் பொட்டிய மாட்டின மறுநாள்லேர்ந்து. மொத நாளு மத்தியானம் நீங்க அதப் பாத்துட்டு மூஞ்சிய சுளிச்சிக்கினு எழுதினீங்க. நம்பரு கம்மியா வந்துடுச்சின்னு தெரிஞ்சிபோச்சி எனக்கு. இந்தம்மா வூடே சரியில்ல, இவங்களுக்கு ஷெட்டு எதுக்குன்னு எழுதிட்டீங்கன்னா? அதான் நீங்க வர்றதுக்கு முன்னாடியும் போன பின்னாடியும் அந்தப் பொட்டிக்குக் கீழ தெளிச்சிக்கினே இருந்தேன். நீங்க இல்லாதப்பவும் அது எழுதிக்கினே இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

முதல் நாள் நான் முகம் சுளித்தேனா? நினைவே இல்லை. என் முகம் எப்போதும் சுளித்துத்தான் இருக்கும்.

"நான் வேற நெனச்சேங்கா" என்றேன்.

"வேற இன்னா?"

சொன்னேன். அம்மா, அந்த வீடு, அந்தக் குடம் தண்ணீர், எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே சொன்னேன். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது. அக்கா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க மாமியாரு அந்த மாரி செஞ்சிருக்காங்க" என்றார் பிறகு. "எங்க வூட்டுல பூச்சு வேல நடந்தப்போ. நான் கண்ணால பாத்தேன். நான் செய்யல, ஆனா நிறுத்துங்கன்னு சொல்லவும் இல்ல. சும்மா நின்னுக்கினு பாத்தேன்." நிலைக்கதவை விட்டு நகர்ந்து நின்று, "உள்ள வாம்மா" என்றார். அன்றிலிருந்து மேடம் போய்விட்டது.

உள்ளே போய், அதே இடத்தில்தான் உட்கார்ந்தேன். மனசு லேசாகியும் இருந்தது, இன்னும் ஏதோ உறுத்தவும் செய்தது. ஒரே நிமிடத்தில் எல்லாம் கரைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அக்கா டீ போடப் போனார். அந்த நேரத்தில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது.

ஐந்தாறு முறை ஏறி இறங்கின அந்தக் கோடு. என் ஏரிக்காற்று. அக்காவின் சொம்புத் தண்ணீருக்குத்தான் நான் நீல அம்புக்குறி போட்டிருந்தேன். அதை நம்பி மேற்கே ஆறு ஜன்னல் வைத்திருந்தேன். கத்திரியில் மேற்கிலிருந்து வருவது அனல்தான் என்று காலி மனையின் மீட்டர் பதினான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அந்த ஷெட்டைக் கட்டியிருந்தால் அது தகர ஷெட்டைவிட மோசமாக இருந்திருக்கும். பந்தல்காரருக்கு அண்டா வைக்க இன்னோர் இடம் கிடைத்திருக்கும். ஒரு கேள்வி கேட்கப் போய்க் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நல்லவேளை, கிளம்பியது.

டீயுடன் வந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் கெடுத்துட்டேனா?"

"கெடல. கத்திரிக்கு இன்னும் ஒம்போது நாளு இருக்குது. நாலு நாளு ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. அப்புறம் நாலு நாளு தண்ணி, ஆனா எத்தினி மணிக்கு எத்தினி சொம்புன்னு எழுதி வைக்கணும்."

அக்கா தறியைத் திரும்பிப் பார்த்தார். தறியில் அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு முகூர்த்தப் புடவை பாதி வளர்ந்திருந்தது. "எப்பவும் கத்திரில மத்தியானம் ஒரு வாட்டியாவது குழில தண்ணி வுடுவேன். சுத்தமா இல்லன்னா இழ அறுந்துக்கினே கெடக்கும்" என்றார்.

"அறுந்தா எண்ணணும்க்கா. எத்தினி அறுதுன்னு எனக்குத் தெரியணும்."

"அறுந்தத முடி போடறது யாரு, நீயா?"

"சொல்லிக் குடுங்க, போடறேன்."

"உன் கைக்கு அதெல்லாம் வராது. நீ எண்ணு" என்றார்.

அந்த நாலு நாள் எனக்கு மறக்காது. காலை பத்து மணி வரை தறி வழக்கம்போல ஓடும். அப்புறம் மேற்குக் காற்று கிளம்பி, தெருவில் புழுதி பறக்கும். அறைக்குள் எண் இறங்கத் தொடங்கும். பதினோரு மணிக்கு முதல் இழை அறும். அக்கா குறுக்கு இழை ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு, அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, நாக்கில் விரலைத் தொட்டு முடி போடுவார். நான் நோட்டில் ஒரு கோடு போடுவேன். இன்னும் நாலு வரி ஓடும், இன்னொன்று அறும். மத்தியானத்தில் கோடுகள் ஐந்து ஐந்தாகக் கட்டு கட்டாக வளர்ந்தன. மூலையில் தண்ணீர் வாளி இருந்தது. இரண்டு பேருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் இரண்டரை மணிக்கு அக்கா கால்களைக் குழியிலிருந்து வெளியே எடுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னும் எத்தினி நாளு?"

"ரெண்டு."

"சரி" என்று மறுபடியும் குழியில் காலை விட்டார்.

அந்தச் சரியைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஒரு நாளில் நெய்கிறதில் பாதிகூட அவர் நெய்யவில்லை. புடவை கல்யாணத்துக்குப் போக வேண்டும். கேட்டவர்கள் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தில் அழுகையும் கோபம் மாதிரித்தான் தெரியும் போல. "இப்ப எதுக்கு மொறைக்கிற?" என்று கேட்டார்.

தண்ணீர் நாட்களில் ஒவ்வொரு சொம்புக்கும் மணி எழுதினார் அக்கா. அவர் எழுதினதையும் மீட்டர் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு ஏற்றமும் ஒவ்வொரு சொம்பின் மேல் போய் உட்கார்ந்தது. இழை அறுவது கால்வாசிக்குக் குறைந்தது. மத்தியானம் தெளித்ததைவிட, காலையில் காற்று கிளம்புவதற்கு முன்பே நிறைய விட்டதுதான் நெடுநேரம் நின்றது. அதுவும் சிமெண்டுத் தரையில் விட்டதைவிட, குழியின் பக்கத்து மண்ணில் ஊறினதுதான். இதை எந்த விமான நிலையத்து மீட்டரும் எனக்குச் சொல்லியிருக்காது.

குழுக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் முன்னாலும் நின்று, "நான் மொதல்ல போட்ட படம் தப்பு. அத கட்டியிருந்தா கெட்டிருக்கும்" என்றேன். யார் தண்ணீர் தெளித்தது என்று நான் சொல்லவில்லை. அக்காவே எழுந்து சொன்னார். ஒரு பெண், "கட்டறதுக்கு முன்னாடியே தப்புன்னு சொல்ற இஞ்சினியர இப்பதான் பாக்கறோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பதினொரு நாளில் படத்தைப் புதிதாகப் போட்டேன். மேற்குச் சுவர் முழுக்க அடைப்பு. அதை ஒட்டி நூல் சுற்றவும் சாமான் வைக்கவும் ஒரு நீள அறை, வெயில் முதலில் அதன் மேல் விழட்டும் என்று. சாயங்காலம் தாமதமாக வரும் கடல் காற்றுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் ஜன்னல், அதுவும் தறியின் மேல் அடிக்காமல் தாழ்வாக. ஓட்டுக் கூரை. வழுவழுப்பில்லாத சுட்ட மண் ஓட்டுத் தரை. தறிக் குழிகளுக்கு நடுவே, ஒரு சாண் அகலத்தில் மணல் நிரப்பிய வாய்க்கால். காலையில் அதில் தண்ணீர் விட்டால் நாள் முழுக்கக் கசியும், நெய்கிறவர்களின் காலும் ஈரத்தில் கிடக்காது. படத்தைப் பார்த்த மேஸ்திரி, "வாசல் தெளிக்கறதுக்கெல்லாமா டிராயிங் போடுவாங்க?" என்று கேட்டார். "போடுவாங்க, இந்த அளவு மாறுச்சுன்னா இடிச்சிட்டுத் திரும்பக் கட்டச் சொல்லுவாங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மேற்கொண்டு பேசவில்லை. சில சமயம் இந்த முகம் உதவுகிறது.

வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் கடக்கால் போட்டோம். மழையில் ஒரு மாதம் வேலை நின்றது. கார்த்திகையில் கூரைக்காரர் காணாமல் போனார், வாலாஜாபாத் வரை போய்த் தேடிப் பிடித்து இழுத்து வந்தேன். தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது அக்காவின் தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றினோம்.

ஆனால் தை மாதத்தில் எந்த ஷெட்டும் நன்றாகத்தான் இருக்கும். நான் கத்திரிக்காகக் காத்திருந்தேன். அடுத்த வருடம் கத்திரி தொடங்கி ஒரு வாரம் கழித்து, யாரிடமும் சொல்லாமல், மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். வெளியே நின்றபோதே பன்னிரண்டு தறியின் சத்தமும் கேட்டது. பாதி தறி நின்றிருக்குமோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தவளுக்கு அது போதும். உள்ளே போய் அக்காவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீட்டரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"தண்ணி தெளிச்சீங்களாக்கா?"

"காலைல வாய்க்கால்ல வுட்டதோட சரி. நீ வருவேன்னு யாருக்குத் தெரியும்?"

எண், நான் படத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருந்ததற்குக் கொஞ்சம் கீழே நின்றது. எத்தனை இழை அறுந்தது என்று கேட்டேன். காலையிலிருந்து இரண்டு என்றார். வடமேற்கு மூலையில் நெய்கிற பெண் மட்டும், "எங்க மூலைல அனலா இருக்குது, வந்து பாரு" என்று கூப்பிட்டார். போய் அளந்தேன், உண்மைதான். வெளியே ஒரு பந்தல் போட்டு, நிழலுக்கு அவரைக்கொடி ஏதாவது படரவிட வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். மற்ற பதினோரு தறியிலும் சுற்றி வந்து கேட்டேன். யாரும் வீட்டுக்குத் திரும்புகிற பேச்சை எடுக்கவில்லை. அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

வண்டிக்கு வந்தபோது ஹெல்மெட் இல்லை. நிஜமாகவே மறந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். எனக்கே தெரியவில்லை. எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத புத்தி எனக்கு. திரும்பி நடந்து, வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன்.

அக்கா நெய்துகொண்டிருந்தார். வாளி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. நான் உட்கார்ந்திருந்த இடம் காய்ந்தே இருந்தது. அங்கே என் ஹெல்மெட் மட்டும் இருந்தது.

அக்கா நாடாவைப் பிடித்து நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஹெல்மெட்டையும் என்னையும் பார்த்தார்.

"பாத்துட்டியா?" என்றார்.

"பாத்துட்டேங்கா."

என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் கையை நீட்டி ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் தறியை ஓட்டத் தொடங்கினார்.